ஒன்றரை வயதுக் குழந்தையின் வலி ஸ்கோர் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எந்த எண்ணை நம்புவது?

மூன்றாம்ஷிஃப்ட் (கேள்வி)

குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் ஃபிளாக் அட்டையை (முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றம் பார்த்து 0–10 எண் போடும் அட்டை) வைத்து வலி ஸ்கோர் போடுவது பற்றிக் கேட்கிறேன். வயது 10 மாதம் முதல் 4 வரை. குடலிறக்கம், இறங்காத விரை, ஹைப்போஸ்பேடியாஸ் (மூத்திரத் துளை ஆண்குறியின் அடிப்பக்கம் இருக்கும் பிறவிக் குறை), அண்ணப்பிளவு, டான்சில், எப்போதாவது முழங்கை முறிவுக்குக் கம்பி வைத்த கேஸ்.

சிக்கல் இதுதான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரே குழந்தைக்கு ஒருவர் 2 எழுதுகிறார், இருபது நிமிடம் கழித்து அடுத்தவர் 7 எழுதுகிறார். நடுவில் மருந்து எதுவும் போகவில்லை. ட்யூட்டி டாக்டரிடம் 7 என்று சொன்னால் "பசி அழுகையா இருக்கும், பால் கொடுத்துப் பாருங்க" என்கிறார். அம்மா "வலிக்குதுங்க" என்கிறார். மூன்று பேரும் மூன்று சொல்கிறார்கள், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

அட்டையில் இருக்கும் ஐந்து வரியைப் படித்து எண் போடுவதைத் தாண்டி, சரியாகப் பார்க்கும் முறை என்று ஒன்று இருக்கிறதா? எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை? ஆள் சார்பே இல்லாமல் அளக்கும் கருவி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அதை வாங்கச் சொல்லிக் கேட்கலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நீலத்துணி

சிஸ்டர், கருவியைப் பிறகு பார்க்கலாம். 2-க்கும் 7-க்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் பிரிப்போம். பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். ஒருவர் தூரத்திலிருந்து, போர்வை மூடிய, அம்மா மடியில் இருந்த குழந்தையைப் பார்த்திருப்பார். இன்னொருவர் கேனுலாவை (மருந்து ஏற்ற நரம்பில் போட்ட குழாயை) தொட்டுப் பார்த்தபோதோ திருப்பிப் படுக்க வைத்தபோதோ பார்த்திருப்பார். எந்த நிலையில் பார்த்தது என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், அது இரண்டு வெவ்வேறு அளவுகளை ஒரே கட்டத்தில் போட்டதாக ஆகிவிடும்.

ஃபிளாக் 1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. 2 மாதம் முதல் 7 வயது வரையிலான, அறுவை முடிந்த குழந்தைகளுக்காகச் செய்தது, அதனால் உங்கள் வார்டுக்குப் பொருத்தமான அட்டைதான். அதோடு சேர்ந்து வந்த பார்க்கும் முறை நிறைய இடங்களில் அட்டையிலிருந்தே கழன்று போய்விட்டது. அந்த முறை இது:

விழித்திருக்கும் குழந்தையை 1 முதல் 2 நிமிடம், தேவைப்பட்டால் இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். போர்வையை விலக்கிக் காலும் உடலும் தெரிய வேண்டும். குழந்தையைச் சற்று இடம் மாற்றிப் படுக்க வைத்தோ, அது தானாக அசையும்போதோ பார்க்க வேண்டும். உடலைத் தொட்டு விறைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுதால் தேற்ற ஆரம்பித்து, தேறுகிறதா என்று கவனிக்க வேண்டும். தூங்கும் குழந்தை என்றால் 5 நிமிடமாவது பார்த்து, முடிந்தால் இடம் மாற்றி, தொட்டு விறைப்பு பார்க்க வேண்டும். "தூங்குகிறது, 0" என்று கதவோரத்தில் நின்று எழுதுவது ஸ்கோர் ஆகாது.

இனி ஐந்து வரி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2.

முகம்: சாதாரணமாகவோ சிரித்தோ இருந்தால் 0. அவ்வப்போது சுளிப்பு, புருவம் நெரிப்பு, அல்லது எதிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிக் கிடப்பது 1. அடிக்கடியோ விடாமலோ மோவாய் நடுங்குவது, தாடை இறுகுவது 2. "ஒதுங்கிக் கிடப்பது" 1 என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பொம்மையை நீட்டினாலும் பார்க்காத அமைதியான குழந்தைக்கு முகத்தில் 0 போடக்கூடாது.

கால்: தளர்வாக இருந்தால் 0, நிலைகொள்ளாமல் இறுகினால் 1, உதைத்தாலோ வயிற்றோடு மடக்கி வைத்தாலோ 2.

உடல் அசைவு: அமைதியாகப் படுத்து இயல்பாக அசைந்தால் 0. நெளிவது, முன்னும் பின்னும் புரள்வது 1. வில்லாக வளைவது, விறைப்பது, வெட்டி இழுப்பது 2.

அழுகை: இல்லை 0. முனகல், சிணுங்கல், அவ்வப்போது புகார் 1. விடாத அழுகை, அலறல், விம்மல் 2.

தேற்றம்: தேற்றத் தேவையே இல்லை என்றால் 0. தொட்டால், அணைத்தால், பேசினால் சமாதானம் ஆனால் 1. என்ன செய்தும் தேறவில்லை என்றால் 2.

மொத்தம் 0 தளர்வு, 1–3 லேசான தொந்தரவு, 4–6 மிதமான வலி, 7–10 கடுமையான வலி அல்லது கடுமையான தவிப்பு. "அல்லது தவிப்பு" என்பது முக்கியம். ஃபிளாக் தவிப்பை அளக்கிறது. அந்தத் தவிப்பு தையலால் வந்ததா, பசியால் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அந்த வகையில் உங்கள் ட்யூட்டி டாக்டர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் ஊகத்தில் வரக்கூடாது, பால் கொடுத்துப் பார்த்து வர வேண்டும். பால் கொடுக்கலாம் என்று ஆர்டர் இருந்தால் கொடுங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், அம்மா மடியில் விடுங்கள், 10 நிமிடத்தில் திரும்பப் போடுங்கள். 7 என்பது 1 ஆனால் பசி. 7 என்பது 5-ல் நின்றால் வலி, மருந்து போக வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாக நீளக்கூடாது என்பதற்காக நேரத்தையும் எழுதுங்கள்.

எழுதும் முறையையும் மாற்றுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதாமல் இப்படி எழுதலாம்: "மு1 கா2 உ1 அ1 தே1 = 6. மாலை 7.05. அம்மா மடி, பால் குடித்து 30 நிமிடம், இடப்பக்கம் திருப்பியபோது." அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதே நிலையில் பார்த்தால்தான் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியும். முடிந்தால் படுத்திருக்கும்போது ஒன்று, அசைக்கும்போது ஒன்று என இரண்டு போடுங்கள். இறங்காத விரை அறுவையில் சும்மா கிடக்கும்போது 1 இருக்கும் குழந்தை, துணி மாற்றக் காலைத் தூக்கினால் 6 போகும். அந்த 6-ஐப் பார்க்காமல் விட்டால் ஒவ்வொரு துணி மாற்றத்துக்கும் குழந்தை தண்டனை அனுபவிக்கும்.

எத்தனை முறை என்று கேட்டீர்கள். ரெக்கவரியில் (மயக்கம் தெளியும் அறையில்) 10–15 நிமிடத்துக்கு ஒருமுறை. வார்டுக்கு வந்தபின் முதல் 6 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது செய்யக்கூடிய அட்டவணை. இதைவிட முக்கியமானது மருந்துக்கு முன் ஒன்று, மருந்துக்குப் பின் ஒன்று: நரம்பில் போனால் 15–20 நிமிடத்தில், வாயில் கொடுத்தால் 45–60 நிமிடத்தில். மருந்துக்குப் பிந்தைய எண் இல்லாத சார்ட்டில் முந்தைய எண்ணுக்கு அர்த்தம் கிடைப்பதில்லை.

காடல் பிளாக் (இடுப்புக்குக் கீழ் மரத்துப்போக முதுகின் அடியில் போடும் ஊசி) போட்ட குழந்தைக்கு ஒரு எச்சரிக்கை. 0.25% பியூபிவகெய்ன் மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். முதல் ஓரிரு மணி நேரம் கால் மரத்து அசையாமல் இருக்கலாம். அப்போது "கால் 0" என்பது வலியில்லை என்பதைக் காட்டாது, கால் அசையவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. கால் மரத்ததே சில குழந்தைகளுக்குப் பயம், அதற்கே அழும். கால் அசையத் தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள், பிளாக் விடப்போகிறது என்பதற்கு அதுதான் மணி. பாரசிட்டமால் அதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். ஸ்கோர் 7 ஆனபிறகு வாயில் கொடுத்தால் அது வேலை செய்ய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

பிஞ்சுவிரல்

நீலத்துணி டாக்டர் சொன்னதோடு ரெக்கவரி ரூம் பகுதியைச் சேர்க்கிறேன், ஏனென்றால் முதல் அரை மணி நேரத்தில் ஃபிளாக் தனியாக நின்றால் வழிதவற வைக்கும்.

செவோஃப்ளூரேன் மயக்கத்திலிருந்து எழும் 2–5 வயதுக் குழந்தைகள் சிலர் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி உருளுவார்கள். வலியே இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு மயக்கம் கொடுத்த குழந்தைக்கும் இது வரும். ஃபிளாக் போட்டால் 9, 10 கூட வரும். இது விழிப்புநேரக் குழப்பம். இதற்குத் தனி அட்டை இருக்கிறது, பெயர் பேட், 2004-ல் கனடாவில் உருவானது. ஐந்து வரி, ஒவ்வொன்றும் 0–4, மொத்தம் 20: கண்ணோடு கண் பார்க்கிறதா, செய்வதில் நோக்கம் தெரிகிறதா, சுற்றுப்புறம் புரிகிறதா, நிலைகொள்ளாமல் இருக்கிறதா, தேற்ற முடியவில்லையா. முதல் மூன்றும் தலைகீழ்: நன்றாகச் செய்தால் 0, செய்யவே இல்லை என்றால் 4. மொத்தம் 10-ஐத் தொட்டால் குழப்பம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் 12-க்கு மேல் என்று வைக்கிறார்கள்.

பிரித்துக் காட்டுவது முதல் மூன்று வரிதான். கடைசி இரண்டும் வலிக்கும் பொருந்தும். வலியில் அழும் குழந்தை அம்மா முகத்தைப் பார்த்து அழும், கையை அறுத்த இடத்துக்குக் கொண்டுபோகும், தொட வந்தால் தடுக்கும். குழப்பத்தில் இருக்கும் குழந்தையின் பார்வை உங்களைத் தாண்டி எங்கோ போகும், கை எதையும் குறிவைக்காது. குழப்பம் பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதுவரை விழாமல், கேனுலா பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும், மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் கலந்திருந்தால், அல்லது முடிவு செய்ய முடியவில்லை என்றால், வலி என்றே எடுத்துக்கொள்வது என் கருத்து. குழப்பம் என்று பெயரிட்டு வலியை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

கரும்பலகை

கருவி பற்றிய கேள்விக்கு வருகிறேன். வலியை நேராக அளக்கும் கருவி எதுவும் இல்லை. இருப்பவை எல்லாம் உடலின் அழுத்த எதிர்வினையை அளப்பவை. அந்த எதிர்வினை வலிக்கு மட்டும் வருவதில்லை, அதில்தான் எல்லாம் சிக்குகிறது.

தோலின் மின்கடத்தல்: உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ மூன்று மின்முனை ஒட்டுவார்கள். வியர்வைச் சுரப்பி ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு மேடு எழும், நொடிக்கு எத்தனை மேடு என்று எண்ணும். வினாடிகளில் பதில் கிடைக்கும் என்பது பலம். பயம், திடீர்ச் சத்தம், அந்நியர் தொடுவது எல்லாவற்றுக்கும் அதே மேடு எழும் என்பது பலவீனம். அட்ரோபின், கிளைக்கோபைரோலேட் போட்டிருந்தால் வியர்வையே அடங்கும். அப்போது கருவி காட்டும் குறைந்த எண் மருந்தின் விளைவு, வலியின்மை அல்ல.

இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கத்தை வைத்து 0–100 எண் தரும் கருவிகள் பிரான்சிலிருந்து வந்தவை. பெரியவர்களுக்கு ஒன்று, 2 வயதுக்குக் கீழ் ஒன்று. மூச்சோடு சேர்ந்து துடிப்பு கூடிக் குறைவதை அவை படிக்கின்றன. மயக்கத்தில் சீராக மூச்சுவிடும்போது அது பயன்படும். விம்மி விம்மி அழும் குழந்தையின் மூச்சு தாறுமாறாக இருக்கும், கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அட்ரோபின் இதையும் கெடுக்கும்.

கண்மணி விரிவை அளக்கும் கருவி ஓ.டி. மேசையில் நல்ல வேலை செய்யும். விழித்த ஒன்றரை வயதுக் குழந்தையின் இமையைப் பிரித்துப் பிடித்து அளப்பது நடக்காது, பிடித்ததே தவிப்பைக் கூட்டும். ஃபென்டனில், மார்ஃபின் போன்ற கடும் வலி மருந்து போயிருந்தால் கண்மணி எப்படியும் சுருங்கித்தான் இருக்கும். உமிழ்நீர் கார்ட்டிசால் ஏறவே 20 நிமிடம் ஆகும், லேப் முடிவு வரும்போது குழந்தை வீட்டில் இருக்கும்.

மானிட்டரில் ஏற்கெனவே ஓடும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம்? ஏறினால் ஒரு காரணத்தைத் தேடச் சொல்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல், ரத்தக்கசிவு, நீர்ச்சத்துக் குறைவு, பயம் எல்லாம் ஏற்றும். அதைவிட ஆபத்தானது மறுபக்கம்: வலி மணிக்கணக்கில் நீடித்தால் நாடி இறங்கி இயல்புக்கு வந்துவிடும். "பல்ஸ் நார்மல், வலி இருக்காது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் உடலின் எதிர்வினையை எண்ணாக அளப்பதைக் குறைவாக எடைபோட மாட்டேன். பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுநாள் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடன் இருந்தவர்களும் 1987-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. இதய நாளம் கட்டும் அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் அழுத்த ஹார்மோன்கள் எவ்வளவு ஏறின என்று எண்ணால் காட்டினார்கள். ஃபென்டனில் பெற்றவர்களில் அந்த ஏற்றம் கட்டுப்பட்டது. அளந்து காட்டியதால்தான் நம்பினார்கள். அது குழுக்களுக்கு இடையே ஒப்பிடும் ஆய்வு. உங்களுக்குத் தேவை இந்தக் கட்டிலில் இருக்கும் இந்தக் குழந்தைக்கு இப்போது மருந்து வேண்டுமா என்ற பதில். அதை இன்றைய கருவி எதுவும் தனியாகத் தராது. வார்டுக்குக் கருவி வாங்கச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இருக்கும் அளவுகளிலேயே முகத்தைக் கூர்ந்து பார்க்கப் பழகுவது பலன் தரும். குழந்தை வலியில் இருக்கும்போது முகத்தில் வரும் மாற்றங்கள் குறிப்பானவை: இரு புருவத்துக்கு நடுவே சதை புடைத்து இறங்கும், கண் இறுக மூடும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை மடிப்பு ஆழமாகும், வாய் நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுபடும், அதற்குள் நாக்கு ஓரங்கள் தூக்கி நடுவில் குழிந்து இறுகி நிற்கும். கோபத்தில் அழும் குழந்தை இடையிடையே கண்ணைத் திறந்து யார் வருகிறார்கள் என்று பார்க்கும். புருவமும் கண்ணும் மூக்கோர மடிப்பும் சேர்ந்து இறுகி அப்படியே நின்றால் வலி என்று சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு.

மூன்றாம்ஷிஃப்ட்

மிகவும் நன்றி டாக்டர். கருவி யோசனையை விட்டுவிடுகிறேன். இன்னும் மூன்று சந்தேகம். அண்ணப்பிளவு அறுவையில் வாயே வீங்கியிருக்கும், முழங்கை மடங்காமல் பட்டை கட்டியிருப்போம். முகத்துக்கும் உடலுக்கும் எப்படி எண் போடுவது? இரண்டாவது, மூன்றரை நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்டால் "வலிக்கல" என்கிறது, ஆனால் அசையாமல் கிடக்கிறது. யாரை நம்புவது? மூன்றாவது, எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி எண் வர என்ன பயிற்சி செய்யலாம்?

வெள்ளைத்தொப்பி

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதற்குச் செலவே இல்லை.

இரண்டு பேர் ஒரே குழந்தையை ஒரே நேரத்தில் பாருங்கள். பேசிக்கொள்ளக் கூடாது, ஆளுக்கொரு சீட்டில் ஐந்து வரியையும் தனித்தனியாக எழுதுங்கள். 2 நிமிடம் முடிந்ததும் சீட்டை மாற்றிப் பாருங்கள். மொத்தத்தில் 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்த வரியில் பிரிந்தது என்று அங்கேயே பேசி முடியுங்கள். இப்படி இருபது ஜோடி சேர்ந்தால் எந்த வரியில் வார்டே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். அனேகமாகத் தேற்றத்தில்தான் பிரியும், ஏனென்றால் ஒருவர் தேற்றிப் பார்த்திருப்பார், மற்றவர் தேற்றாமலே 2 போட்டிருப்பார். யாருமே தொட்டுத் தூக்கிப் பேசிப் பார்க்காமல் அந்த வரிக்கு எண் போட முடியாது. யார் தேற்றுவது, எவ்வளவு நேரம் என்று வார்டில் ஒரே முறை வைத்துக்கொள்ளுங்கள்: அம்மா மடியில், ஒரு நிமிடம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வலியில்லாத குழந்தைகளையே இருபதும் எடுத்தால் எல்லோரும் 0 போட்டு "நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போகிறது" என்று வரும். அது ஏமாற்றும் எண். காடல் விடும் நேரம், டிரெஸ்ஸிங் மாற்றும் நேரம், பால் குடித்துத் தூங்கும் நேரம் என்று கலந்து எடுங்கள்.

அண்ணப்பிளவு: வீக்கத்தாலோ தையலாலோ முகம் படிக்க முடியவில்லை என்றால் அந்த வரியில் 0 போடாதீர்கள், "பார்க்க இயலவில்லை" என்று எழுதுங்கள். 0 என்று எழுதினால் மொத்தம் பொய்யாகக் குறையும். வாய் வீங்கினாலும் நெற்றியும் புருவமும் தெரியும், கரும்பலகை டாக்டர் சொன்ன புருவ நடுப் புடைப்பைப் பாருங்கள். பட்டை கட்டிய கை பிடிக்காமலும் குழந்தை அழும். அம்மா அருகில் இருக்க, நீங்கள் பிடித்துக்கொண்டு ஒரு கைப்பட்டையை மட்டும் ஒரு நிமிடம் தளர்த்திப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும், பிறகு கட்டிவிடுங்கள். அண்ணத்துக்கும் டான்சிலுக்கும் விழுங்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும். சும்மா இருக்கையில் 1, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தால் முகம் இறுகிக் கழுத்தை நீட்டி அழும். எச்சில் விழுங்காமல் வழியவிட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை "சமத்தா இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். டான்சில் கேஸில் எச்சிலில் புது ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ அது ரத்தக்கசிவு. ஸ்கோரை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஹைப்போஸ்பேடியாஸில் வேறு மாதிரி. அமைதியாக விளையாடும் குழந்தை திடீரென்று முழங்காலை மடக்கி அலறும், மூத்திர டியூபின் ஓரமாக மூத்திரம் கசியும், ஓரிரு நிமிடத்தில் பழையபடி விளையாடும். அது மூத்திரப்பைச் சுருக்கு. மணிக்கு ஒருமுறை ஸ்கோர் போட்டால் நடுவில் நடந்த நான்கு சுருக்கும் தப்பிவிடும். ஸ்கோரோடு "ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை" என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை, அடைப்பும் இல்லை என்றால் டாக்டரிடம் சுருக்குக்கான மருந்து கேட்க வேண்டும். வலி மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் தூக்கம்தான் கூடும்.

இப்போது "வலிக்கல" என்று சொல்லும் நான்கு வயது. ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் சொல்லியிருக்கலாம். "வலிக்குதா?" என்று ஆமாம்–இல்லை கேள்வியாகக் கேட்காதீர்கள், ஊசி ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவே கேட்காதீர்கள். அறுவைக்கு முந்தின நாளே அம்மாவிடம் கேட்டு வையுங்கள்: அடிபட்டால் உங்கள் பிள்ளை என்ன சொல்லும்? ஒரு வீட்டில் "உவ்வா", ஒரு வீட்டில் "எரியுது", இலங்கைக் குடும்பம் என்றால் "நோகுது". அந்தச் சொல்லைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் மூன்று ஷிஃப்டும் அதே சொல்லில் கேட்கலாம்.

முக அட்டையை 4 வயதுக்கு மேல் பயன்படுத்தலாம், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் பிடிபடாது. முதலில் வெவ்வேறு அளவில் வெட்டிய ஐந்து காகிதத் துண்டைக் கொடுத்துச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கத் தெரிந்தால் அட்டை புரிய வாய்ப்புண்டு. திருத்தப்பட்ட ஆறு முக அட்டையில் முதல் முகம் சிரிக்காது, கடைசி முகத்தில் கண்ணீர் இருக்காது. எண்கள் 0, 2, 4, 6, 8, 10. சிரிப்பில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் அட்டையைக் கொடுத்தால் குழந்தை தன் மனநிலையைக் காட்டிவிடும். வலி இல்லாவிட்டாலும் அப்பா வரவில்லை என்பதற்காக அழும் முகத்தைத் தொடும். "சோகம்", "சந்தோஷம்" என்ற சொல்லையும் தவிருங்கள். "இந்த முகத்துக்கு வலியே இல்லை, இதுக்குக் கொஞ்சம், இப்படிப் போகப் போக ரொம்ப வலி. உனக்கு எது?" அவ்வளவு போதும். அட்டை பிடிபடாத மூன்றரை வயதுக்கு நான்கு புளியங்கொட்டையோ பட்டனோ வைத்து "ஒன்னு கொஞ்சூண்டு வலி, நாலு ரொம்ப வலி, எத்தனை எடுப்ப?" என்று கேட்கலாம். வாயில் போட்டுக்கொள்ளாமல் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்வதும் ஃபிளாக்கும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், சராசரி எடுக்காதீர்கள். அசையாமல் கிடக்கிறது என்று நீங்கள் பார்த்தது, பிள்ளையின் "வலிக்கல"-வை விட எடை கூடியது.

நீலத்துணி

வெள்ளைத்தொப்பி சிஸ்டர் சொன்னதை அப்படியே ஒட்டி வைக்கலாம். எலும்பு கேஸ் பற்றி ஒன்று, வீட்டுக்கு அனுப்புவது பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

முழங்கை முறிவுக்குக் கம்பி வைத்து மாவுக்கட்டு போட்ட குழந்தையில் ஒரே ஒரு ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள், மருந்துத் தேவை எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதல் டோஸ் 5 மணி நேரம் பிடித்தது, அடுத்தது 3, அதற்கடுத்தது 1 மணி நேரம்தான் என்றால் கட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளில் தசை அறை அழுத்தம் (வீக்கத்தால் தசைக்குள் ரத்த ஓட்டம் நெருக்கப்படுவது) முதலில் காட்டும் மூன்று அடையாளம்: பதற்றம், அமைதியின்மை, ஏறிக்கொண்டே போகும் வலி மருந்துத் தேவை. விரல் வெளுப்பதும் நாடி மறைவதும் மிகப் பிந்திய அடையாளங்கள், அதற்குக் காத்திருந்தால் கை போய்விடும். விரல்களை மெல்ல நீட்டிப் பாருங்கள், அலறினால் அடுத்த டோஸுக்கு முன்னால் சர்ஜனைக் கட்டிலுக்கு வரவழையுங்கள். கையை இதய மட்டத்தில் வையுங்கள், உயரமாகத் தூக்கிக் கட்டாதீர்கள். கட்டையும் அதன் கீழ் உள்ள பஞ்சையும் தோல் தெரியும் வரை பிளக்க வேண்டியிருக்கும்.

வயிற்றிலிருந்து கால் வரை கட்டு போட்ட குழந்தைக்கும், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் ஃபிளாக் சரிவராது. வென்டிலேட்டர் குழந்தைக்கு கம்ஃபர்ட்-பி அட்டை: ஆறு வரி, ஒவ்வொன்றும் 1–5, மொத்தம் 6 முதல் 30, பார்க்கும் நேரம் 2 நிமிடம். தசையைத் தளர்த்தும் மருந்து போயிருந்தால் அதுவும் செல்லாது, அசையாத குழந்தையில் அசைவை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்குட்பட்ட பச்சிளம் குழந்தைக்கு நிப்ஸ், கிரைஸ் அட்டைகள் இருக்கின்றன. கிரைஸில் 4 வந்தால் மருந்து யோசிக்க வேண்டும். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு 2006-ல் திருத்திய ஃபிளாக் இருக்கிறது. வலி வந்தால் தன் பிள்ளை தனியாகக் காட்டும் செய்கையை, அது தலையில் அடித்துக்கொள்வதோ மூச்சைப் பிடிப்பதோ, அம்மா சொல்லச் சொல்ல அட்டையிலேயே எழுதிச் சேர்க்கும் வசதி அதில் உண்டு.

மார்ஃபின், ஃபென்டனில் போகும் குழந்தைக்கு வலி ஸ்கோர் பக்கத்திலேயே மூச்சு எண்ணிக்கையும் தூக்க நிலையும் எழுதுங்கள். ஃபிளாக் 6, ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கச் சிரமப்படுகிறது என்றால் அடுத்த டோஸ் போடக்கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். எண் 4-ஐத் தாண்டியதும் தானாகப் போடச் சொல்லும் ஆர்டர் எழுதியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு: அன்றே அனுப்பும் குடலிறக்கக் கேஸில் காடல் பிளாக் பெரும்பாலும் பஸ்ஸிலோ வீட்டு வாசலிலோதான் விடும். அம்மாவிடம் ஃபிளாக் கொடுக்க வேண்டாம், பெற்றோருக்கென்றே 15 கேள்வி கொண்ட பட்டியல் 1996-ல் கனடாவில் வெளிவந்தது. முதலில் 7–12 வயதுக்குச் செய்து, பிறகு 2 வயது வரை சோதித்தார்கள். வழக்கத்தைவிட அதிகம் சிணுங்குகிறதா, விளையாட்டு குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா, தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா, இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடக்கிறதா, இடுப்பை விட்டு இறங்க மறுக்கிறதா, வழக்கமாகத் துப்பும் மருந்தை மறுக்காமல் குடிக்கிறதா என்று கேட்கும். ஆமாம் என்பதற்கு 1. 6 வந்தால் மருந்து கொடுக்க வேண்டிய வலி. "வழக்கத்தைவிட" என்பதை எல்லாக் கேள்வியிலும் அழுத்திச் சொல்லுங்கள், எப்போதுமே சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் 1 போடக்கூடாது.

முதல் 48 மணி நேரம் பாரசிட்டமாலை அழுதால் கொடுக்கச் சொல்லாமல் மணி வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் 4 தடவைக்கு மேல் இல்லை. எந்த பாட்டில் என்று பார்த்துத்தான் மி.லி. எழுத வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்பது 5 மி.லி.யில் 125 உள்ள சிரப்பில் 6 மி.லி., 5 மி.லி.யில் 250 உள்ளதில் 3 மி.லி., 1 மி.லி.யில் 100 உள்ள டிராப்ஸில் ஒன்றரை மி.லி. மூன்றும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் இருக்கும். "6 மி.லி." என்று மட்டும் எழுதி அனுப்பி, கடையில் 250 கொடுத்தால் இரட்டை டோஸ், டிராப்ஸ் கொடுத்தால் நான்கு மடங்கு. சீட்டில் வலிமையையும் எழுதி, அளவுக் குழலில் கோடு போட்டுக் காட்டி, அம்மாவையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். டான்சில் குழந்தைக்கு வீட்டில் இருக்கும் கோடீன் இருமல் மருந்தையோ டிரமடாலையோ தரவே கூடாது என்றும் அதே சீட்டில் இருக்கட்டும். சில குழந்தைகளின் கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சை நிறுத்திவிடும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2013-ல் எச்சரித்து, 2017-ல் 12 வயதுக்குக் கீழ் இரண்டையும் வலிக்குத் தரக்கூடாது என்றே சொல்லிவிட்டது.

மூன்றாம்ஷிஃப்ட்

நாளை ஷிஃப்ட் மாறும் நேரத்திலிருந்து இருவர் சேர்ந்து பார்ப்பதை ஆரம்பிக்கிறோம். மு–கா–உ–அ–தே கட்டமும், "எந்த நிலையில்" என்ற கட்டமும், மருந்துக்குப் பின் எண்ணும் வைத்துப் புது சார்ட் வரைந்திருக்கிறேன். பிள்ளை வலிக்குச் சொல்லும் சொல் மேல் மூலையில். முதல் இருபது ஜோடியின் சீட்டுகளில் எந்த வரி பிரிகிறது என்று இங்கே போடுகிறேன், அப்போது பார்த்துச் சொல்லுங்கள்.